நான்கு பகா எண் இல்லையே: மேகாலயாவின் சில்வண்டு

போன வாரம் ஒருநாள் ராத்திரி எட்டரை மணிக்குக் கரண்ட் போனது. நந்தனத்தில் கரண்ட் போனால்தான் அண்ணா சாலையின் இரைச்சல் எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது என்பது உறைக்கும். அதையும் தாண்டி, பின்பக்கச் சுவரோரம் கிடக்கும் செங்கல் குவியலிலிருந்து கிர்ர்... கிர்ர்... என்று விட்டு விட்டு ஒரு சத்தம்.

"பா, இது சிக்காடாவா?" என்றாள் மகள்.

"ஆமா, சில்வண்டு" என்றேன், ரொம்ப நிச்சயமாக.

இருட்டில் விசிறியோடு உட்கார்ந்திருந்த அம்மா சிரித்துவிட்டாள். அவள் அம்பாசமுத்திரத்துக்காரி. "அது சுவர்க்கோழிடா. சில்வண்டு ராத்திரியிலயா கத்தும்? உச்சி வெயில்ல, மரத்துல உக்காந்துல்லா கத்தும்."

அம்மா சொன்னதுதான் சரி. இதில் எனக்கு இரட்டை வெட்கம். ஏனென்றால் பத்து வருஷத்துக்கு முன் அலுவலகத்தில் மதிய உணவு நேரத்தில் சில்வண்டுகளைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியவன் நான். அந்தப் பேச்சிலும் ஒரு பெரிய தப்பு இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. செங்கல் குவியல் தப்பு சின்னது. மற்றதைச் சரிசெய்யத்தான் இந்தப் பதிவு.

முதலில் பெயர்ச் சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் சில்வண்டு, சிள்வண்டு, சுவர்க்கோழி எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. இங்கே நான் சில்வண்டு என்று சொல்வது சிக்காடாவை மட்டும். சுவர்க்கோழி வெட்டுக்கிளியின் உறவு. முன்னிறக்கை இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்துச் சத்தம் எழுப்பும். சில்வண்டு வேறு குலம். பெயரில் வண்டு இருந்தாலும் அது வண்டே கிடையாது. அசுவினி, மாவுப்பூச்சி, மூட்டைப்பூச்சி ஆகியவை சேர்ந்த ஹெமிப்டிரா வரிசையில் வருவது. கடிக்கும் வாய் இல்லை, குத்தி உறிஞ்சும் ஊசிதான் உண்டு. ஆங்கிலத்தில் பூச்சியியல் கறாராக 'பக்' என்று அழைப்பது இந்த வரிசையை மட்டும்தான். இருபது வருஷமாக 'பக்' தேடியே சம்பளம் வாங்குகிற எனக்கு இது தெரியாமல் இருந்தது.

சங்க இலக்கியத்தில் இதற்குச் 'சிள்வீடு' என்று ஒரு சொல் இருக்கிறது. அகநானூற்றுப் பாலைப் பாட்டில் வருகிறது. வெயில், காய்ந்த நிலம், மரம், இடைவிடாத சத்தம் என்று வரும் சூழலைப் பார்த்தால் அது சிக்காடாதான் என்பது என் வாசிப்பு. நாம் அந்தச் சொல்லை விட்டுவிட்டோம். மலையாளத்தில் சீவீடு என்று இன்னும் உயிரோடு இருக்கிறது. கேரளத்தில், வெகுநாள் பூரானா டிக்ரினா என்று தவறாக நினைக்கப்பட்டிருந்த ஒரு சில்வண்டுக்குச் சமீபத்தில் பூரானா சீவீடா என்றே அறிவியல் பெயர் வைத்துவிட்டார்கள். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

டாப்ஸ்லிப் பக்கமோ, காரையாறு பக்கமோ கோடையில் போனவர்களுக்கு அந்தச் சத்தத்தைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. கத்துவது ஆண். வயிற்றின் இரு பக்கமும் டிம்பல் என்று விலா எலும்புபோல வரியோடிய ஒரு சவ்வு. உள்ளே இருக்கும் தசை இழுத்தால் அது சட்டென்று குழிந்து 'டிக்' என்கும், விட்டால் மறுபடி நிமிர்ந்து 'டிக்' என்கும். பழைய தகர டப்பா மூடியைக் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி விடுவோமே, அதே வேலை. இதை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை செய்தால் தனித்தனி 'டிக்' மறைந்து ஒரே ரீங்காரமாகிவிடும். ஆணின் வயிறு பெரும்பகுதி காற்றறை. வீணைக்குக் குடம் எப்படியோ அப்படி.

ஆனால் பாடுகிற அந்தச் சில வாரங்களை வைத்து இந்தப் பூச்சியைப் புரிந்துகொள்ள முடியாது. சில்வண்டு அடிப்படையில் மண்ணுக்குள் வாழும் பிராணி. பெண் பூச்சி சிறு கிளைகளைக் கீறி அந்தப் பிளவில் முட்டையிடும். பொரித்த குஞ்சு அரிசி அளவுகூட இருக்காது. அது தரையில் விழுந்து மண்ணைத் துளைத்து உள்ளே போய், ஒரு வேரைப் பிடித்து ஊசியைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அப்புறம் வருஷக் கணக்கில் அங்கேதான். நமக்குத் தெரியும் றெக்கை முளைத்த பருவம், ஒரு முழு வாழ்க்கையின் கடைசி அத்தியாயம்.

ஏன் இவ்வளவு நாள்? அது குடிப்பது சைலம் சாறு. வேர் மேலே அனுப்பும் தண்ணீர் அது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் வெறும் தண்ணீர்தான். மிச்சத்தில் கொஞ்சம் உப்பும் துளி அமினோ அமிலமும். மோரில் மோரை எடுத்துவிட்டு மிச்சத்தைக் குடித்து உடம்பு வளர்ப்பது போல. போதாததை உடம்புக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் தயாரித்துக் கொடுக்கின்றன. இப்படிச் சாப்பிட்டால் வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். குடித்த தண்ணீரை எல்லாம் வெளியே விட்டாகவும் வேண்டும். காட்டில் மழையே இல்லாத மத்தியானம் மரத்தடியில் நிற்கும்போது கையில் சாரல் விழுந்தால், அண்ணாந்து பார்க்காமல் நகர்ந்து நிற்பது நல்லது.

நம் ஊர் சில்வண்டுகளுக்கும் மண்ணுக்குள் சில வருஷங்கள் உண்டு. ஆனாலும் ஒவ்வொரு கோடையிலும் சத்தம் கேட்கிறது. காரணம், ஒவ்வொரு வருஷமும் ஒரு தொகுதி முதிர்ந்து வெளியே வருகிறது. கல்லூரி போலத்தான். படிப்பு நாலு வருஷம் என்றாலும் பட்டமளிப்பு விழா வருஷா வருஷம் நடக்கிறது. இப்போது நாலு வருஷத்துக்கு ஒரே ஒரு முறை மட்டும் ஆள் சேர்க்கும் கல்லூரியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மூன்று வருஷம் விழாவே கிடையாது. நாலாவது வருஷம் மொத்த ஊரும் பட்டதாரி. உலகில் விவரிக்கப்பட்ட சில்வண்டு இனங்கள் மூவாயிரத்துக்கும் மேல். இப்படி ஒட்டுமொத்தமாகக் குறிப்பிட்ட இடைவெளியில் வெளிவருபவை விரல் விட்டு எண்ணக்கூடியவை.

அவற்றில் பிரபலம் அமெரிக்காவின் மேஜிசிக்காடா. கிழக்கு அமெரிக்காவில் ஏழு இனங்கள். சில 13 வருஷத்துக்கு ஒருமுறை, சில 17 வருஷத்துக்கு ஒருமுறை. 2024ல் ஒரு 13 வருஷக் கூட்டமும் ஒரு 17 வருஷக் கூட்டமும் ஒரே சமயத்தில் வந்தன. இந்த இரண்டும் அதற்கு முன் சேர்ந்து வந்தது 1803ல். 13ஐயும் 17ஐயும் பெருக்கினால் 221. அதனால்தான் அந்த இடைவெளி.

பத்து வருஷத்துக்கு முன் நான் பேசியதும் இதைத்தான். 13, 17 இரண்டும் பகா எண்கள். ஸ்லைடில் 'இயற்கை எழுதிய க்ரான் ஜாப்' என்று தலைப்புப் போட்டிருந்தேன். வாதம் இதுதான்: சில்வண்டு 12 வருஷத்துக்கு ஒருமுறை வந்தால், 2, 3, 4, 6 வருஷச் சுழற்சியில் பெருகும் எந்த எதிரியும் ஒவ்வொரு தடவையும் வாசலில் நிற்கும். 13 என்றால் அப்படி இல்லை. 2 வருஷ எதிரி 26 வருஷத்துக்கு ஒருமுறைதான் சந்திக்கும், 3 வருஷ எதிரி 39, 4 வருஷ எதிரி 52. மீச்சிறு பொது மடங்கு, அவ்வளவுதான். ஸ்டீஃபன் ஜே கூல்ட் எழுபதுகளில் எழுதிய கட்டுரையால் பரவிய யோசனை இது. கணிதம் தெரிந்த யாரையும் உடனே கவர்ந்துவிடும். எங்கள் அலுவலகத்தில் கைதட்டினார்கள். 'பூச்சிக்கே பகா எண் தெரிகிறது, நம்ம ஜூனியர்களுக்குத் தெரியவில்லை' என்று மேனேஜர் நன்றியுரை சொன்னார்.

கைதட்டல் அடங்கிய பிறகு, வடகிழக்கிலிருந்து வந்து எங்கள் குழுவில் இருந்த ஒரு பையன் என் மேசைக்கு வந்தான். "சார், எங்க பக்கத்துல ஒண்ணு இருக்கு. நாலு வருஷத்துக்கு ஒருமுறை வரும். நாலு பகா எண் இல்லையே?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். "நாலு வருஷமா? சரியா எண்ணியிருக்க மாட்டாங்க" என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

அவர்கள் சரியாகத்தான் எண்ணியிருந்தார்கள். மேகாலயாவில் குவாஹாட்டிக்கும் ஷில்லாங்குக்கும் நடுவில் ரி-போய் மாவட்டம் இருக்கிறது. நோங்போ அதன் தலைநகர். அங்கே உள்ள மக்கள் இந்தப் பூச்சியை நியாங்தாசெர் என்று அழைக்கிறார்கள். காசி மொழியில் 'நியாங்' என்றால் பூச்சி. எப்போது வரும், எந்தச் சரிவில் வரும் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். அறிவியலுக்குத் தெரிந்தது 2013ல்தான். ஷில்லாங்கில் உள்ள வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத்தின் சுதன்யா ரே ஹாஜோங், மலேசியாவின் சல்மா யாக்கோப்புடன் சேர்ந்து, ஜூடாக்ஸா ஆய்விதழில் இதைப் புதிய இனமாக விவரித்தார். மாவட்டத்தின் பெயரையே வைத்து க்ரெமிஸ்டிகா ரிபோய். 2006, 2010, 2014, 2018, 2022. நடுவில் தப்பவே இல்லை.

இந்த வருஷங்களை உற்றுப் பார்த்தால் கால்பந்து ரசிகர்களுக்கு ஒன்று பிடிபடும். எல்லாம் உலகக் கோப்பை வருஷங்கள். அதனால் 'உலகக் கோப்பைச் சில்வண்டு' என்று செல்லப்பெயரும் வந்துவிட்டது. 2022ல் கத்தாரின் வெயிலுக்குப் பயந்து போட்டியை நவம்பருக்குத் தள்ளினார்கள். பூச்சி தள்ளவில்லை.

சரி, நாலு என்ற எண்ணை என் பழைய ஸ்லைடில் போட்டுப் பாருங்கள். 2 வருஷ எதிரி ஒவ்வொரு தடவையும் சந்திக்கும். 4 வருஷ எதிரியும் அப்படியே. பகா எண் வாதப்படி இருப்பதிலேயே மோசமான தேர்வுகளில் ஒன்று நாலு. பக்கத்திலேயே 3 இருக்கிறது, 5 இருக்கிறது. ஃபிஜித் தீவில் நனாய் என்று இன்னொரு சில்வண்டு இருக்கிறது, ரயாட்டியானா நோல்ஸி. அந்நாட்டு நூறு டாலர் நோட்டில் அதன் படம் போடும் அளவுக்கு மதிப்பு. அது 8 வருஷத்துக்கு ஒருமுறை வருகிறது. எட்டும் பகா எண் இல்லை.

ஆக, கையில் இருக்கும் எண்கள் 4, 8, 13, 17. பாதிக்குப் பாதி. நான் பேசியபோது என்னிடம் இருந்தவை கடைசி இரண்டும்தான். அதிலும், மேஜிசிக்காடாவின் ஏழு இனங்களும் ஒரே பேரினம், ஒரே மூதாதை. ஏழு தனித்தனிச் சாட்சிகளாக அவற்றை எண்ணக் கூடாது. 2 முதல் 20 வரை உள்ள 19 எண்களில் 8 பகா எண்கள். கண்ணை மூடிக்கொண்டு வெவ்வேறான இரண்டு எண்களை எடுத்தால் இரண்டுமே பகா எண்ணாக அமைய ஏறக்குறைய ஆறில் ஒரு வாய்ப்பு. பகடையில் கேட்ட எண் விழுவது மாதிரி. பகடையில் ஆறு விழுந்ததற்காக யாரும் ஸ்லைடு போடுவதில்லை.

இன்னொரு ஓட்டையையும் அப்போதே பார்த்திருக்க வேண்டும். இந்த 3 வருஷ, 4 வருஷ எதிரிகள் யார்? சில்வண்டைத் தின்பவை பறவை, ஓணான், சிலந்தி, அணில். எல்லாம் ஒவ்வொரு வருஷமும் இருப்பவை. ஒன்றால் எந்த எண்ணும் வகுபடும். பகா எண் உட்பட. அமெரிக்காவில் 13, 17க்கு வேறு விளக்கங்களும் உண்டு. இரு கூட்டங்கள் கலப்பினமாகிச் சுழற்சி குழம்பாமல் இருக்க நீண்ட பகா எண்கள் உதவும் என்பது ஒன்று. அங்கே அது பொருந்தலாம். ரி-போயில் கலப்பதற்கு இன்னொரு கூட்டமே இல்லை.

அப்படியானால் நியாங்தாசெர் நமக்குச் சொல்வது என்ன? எந்த எண் என்பதைவிட, எல்லாம் ஒன்றாக வருவதுதான் முக்கியம். கணக்குக்காக ஒரு சரிவை எடுத்துக்கொள்வோம். அங்கே இருக்கும் பறவை, பல்லி, பூச்சி தின்னும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆயிரம் பூச்சிதான் வயிறு கொள்ளும் என்று வையுங்கள். சீசன் இருபது நாள். மொத்தம் இருபதாயிரம் போகும். வருஷத்துக்கு இருபதாயிரம் பூச்சி வந்தால் மிச்சம் பூஜ்யம். அதே பூச்சிகள் நாலு வருஷம் சேர்ந்து எண்பதாயிரமாக ஒரே சீசனில் வந்தால், இருபதாயிரம் போக அறுபதாயிரம் முட்டையிடப் போகும். எதிரிகளும் நாலு மடங்கு பெருகலாமே என்றால், நடுவில் மூன்று வருஷம் அவற்றுக்கு இந்தச் சாப்பாடு கிடையாது. கல்யாண வீட்டுப் பந்திக்காக யாரும் வயிற்றைப் பெரிதாக்கிக்கொண்டு மூன்று வருஷம் காத்திருக்க முடியாது. 1993ல் வெளியான, அமெரிக்காவின் ஆர்கன்சாவில் 13 வருஷப் பூச்சியை எண்ணிப் பார்த்த ஆய்வும் இதைத்தான் காட்டியது. கூட்டம் குறைந்த நாட்களில் பறவைகள் தின்ற பங்கு அதிகம். உச்ச நாட்களில் அதே பறவைகள் தின்றது மொத்தத்தில் சொற்பம்.

இதில் தனித்து வருபவனுக்குத்தான் ஆபத்து. ஒரு வருஷம் முந்தி வந்தவனும், ஒரு வருஷம் பிந்தி வந்தவனும் பசித்த வாய்களுக்கு முன்னால் தனியாக நிற்பார்கள். அதனால் ஒழுங்கு தானாகவே இறுகும். மண்ணுக்குள் எல்லாம் ஒரே வேகத்தில் வளர்வதும் இல்லை. மேஜிசிக்காடாவில் சீக்கிரம் வளர்ந்துவிட்ட இளம்பூச்சிகள் வெளியே வராமல் மற்றவற்றுக்காகக் காத்திருக்கும். எங்கள் தொழிலில் இதற்கு 'பேரியர்' என்று பெயர். எல்லா த்ரெட்டும் வந்து சேரும்வரை எந்த த்ரெட்டும் அடுத்த வரிக்குப் போகக்கூடாது.

எப்படி வருஷத்தை எண்ணுகின்றன என்பதற்கு எனக்கு மிகப் பிடித்த சோதனை 2000ல் கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் கார்பனும் சகாக்களும் செய்தது. 17 வருஷப் பூச்சியின் 15 வயதான இளம்பூச்சிகளை பீச் மரங்களின் வேருக்கு மாற்றினார்கள். சில மரங்களை மட்டும் ஒரே வருஷத்தில் இரண்டு முறை இலை உதிர்த்துத் துளிர்க்க வைத்தார்கள். அந்த மரங்களில் இருந்த பூச்சிகள் ஒரு வருஷம் முந்தி வெளியே வந்தன. அவை நாளையும் எண்ணவில்லை, குளிரையும் எண்ணவில்லை. மரத்தின் சாறு ஒருமுறை வற்றி மறுபடி ஏறியதை ஒரு வருஷம் என்று எண்ணின. கடிகாரம் பூச்சியிடம் இல்லை, மரத்திடம் இருக்கிறது. பூச்சியிடம் இருப்பது கவுண்டர் மட்டும்.

நான் ரி-போய் வழியாகப் போயிருக்கிறேன். 2019 நவம்பரில், வேறு வேலையாக, குவாஹாட்டியிலிருந்து ஷில்லாங்குக்கு. அந்தச் சாலையில் எல்லோரும் நிறுத்துவதுபோல நோங்போவில் நிறுத்தி டீ குடித்தோம். வரிசையாக அன்னாசிப்பழக் கடைகள். பின்னால் மூங்கிலும் மரமும் கலந்த தாழ்ந்த குன்றுகள். பத்து நிமிஷம் அந்தப் பக்கம் நடந்தேன். எந்தச் சத்தமும் இல்லை. 2018 மே மாதத்துக் கூட்டம் இட்ட முட்டைகள் பொரித்து அப்போது ஒன்றரை வருஷம் ஆகியிருக்கும். அந்தக் குன்றுகளில் எங்கேயோ அவை வேரில் ஊசியைச் செருகியபடி, பாதி தூரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தன. எனக்குத் தெரிந்தது வெறும் காடு.

இந்த விஷயத்தில் நான் கவலைப்படுவது இதற்காகத்தான். நாலு வருஷத்தில் மூன்றே முக்கால் வருஷம் இந்தப் பூச்சி கண்ணுக்குத் தெரியாது. யானைக்கு வழித்தடம் தெரியும், பறவைக்குக் கூடு தெரியும். இதற்கு வெறும் மண்ணும் வேரும்தான். மேகாலயாவில் காட்டின் பெரும்பகுதி அரசுடையது இல்லை, குலங்களுக்கும் ஊர்களுக்கும் சொந்தம். ஒரு சரிவை ஜூம் விவசாயத்துக்கு எரிப்பதோ, துடைப்பப் புல் போடுவதோ, அன்னாசி வைப்பதோ அவரவர் பிழைப்பு. மூன்றாவது வருஷத்தில் ஒரு சரிவு வெட்டப்பட்டால், வேர் செத்தால், அங்கே என்ன இருந்தது என்பதற்கு ஒரு தடயமும் மிஞ்சாது. நாலாவது வருஷம் அந்தச் சரிவு மட்டும் அமைதியாக இருக்கும். பக்கத்துச் சரிவிலிருந்து பறந்து வந்து நிரப்பும் என்று எதிர்பார்க்கலாம்தான். ஆனால் அடுத்த வாய்ப்புக்கே இன்னும் நாலு வருஷம் காத்திருக்க வேண்டும்.

பந்திக் கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. கூட்டமாக வருவதுதான் பாதுகாப்பு என்றால், கூட்டம் ஓர் அளவுக்குக் கீழே சுருங்கினால் பாதுகாப்பே போய்விடும். மேலே சொன்ன கணக்கில் எண்பதாயிரம் இருபத்தைந்தாயிரம் ஆனால், மிஞ்சுவது ஐந்தாயிரம். அடுத்த சுற்றில் ஒன்றுமில்லை. மெல்ல மெல்லக் குறைந்து வருவதல்ல இது, படியிலிருந்து விழுவது. ஏக்கருக்குப் பதினைந்து லட்சம் வரை வரக்கூடிய மேஜிசிக்காடாவுக்கே இது நடந்திருக்கிறது. கனெக்டிகட் பகுதியில் இருந்த பதினோராம் கூட்டத்தைக் கடைசியாகப் பார்த்தது 1954ல். 1971ல் போய்ப் பார்த்தார்கள், இல்லை. நியாங்தாசெர் ரி-போயின் சில பகுதிகளில்தான் வருகிறது. ஒரு மாவட்டத்தின் சில சரிவுகள், அதுவே அதன் உலகம்.

"அதைப் பிடித்துத் தின்கிறார்களாமே?" என்று இந்த விஷயத்தைச் சொன்ன எல்லோரும் கேட்டார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டு. ஆமாம், தின்கிறார்கள். மே மாதம், இருட்டிய பிறகு இளம்பூச்சிகள் மண்ணைவிட்டு ஏறித் தோலுரிக்கும். புதிதாக வெளிவந்த பூச்சி மெத்தென்று இருக்கும், பறக்காது. பந்தமும் டார்ச்சுமாகக் குடும்பத்தோடு போய்ச் சேகரிப்பார்கள். வறுத்துச் சாப்பிடுவார்கள், மீன் தூண்டிலுக்கு இரையாகவும் வைப்பார்கள். நம் ஊரில் மழை விட்ட சாயங்காலம் ஈசல் பிடித்து, பொரியோடு வறுத்துத் தின்றவர்கள் முகம் சுளிக்க வேண்டியதில்லை. அம்மாவிடம் சொன்னேன். "ஈசல் மாதிரிதான் இருக்கும்போல" என்று உடனே புரிந்துகொண்டாள். இன்னும் சொல்லப்போனால், இந்தப் பூச்சி எப்போது வரும் என்று தலைமுறையாக எண்ணி வைத்திருந்தவர்கள், தின்பவர்கள்தான். தின்னாதவர்களாக இருந்தால் கணக்கே இருந்திருக்காது. டார்ச்சோடு வரும் ஒரு குடும்பமும் பறவையைப்போலத்தான். வயிறு நிறைந்தால் வீட்டுக்குப் போய்விடும்.

எனக்கு இருக்கும் சின்ன உறுத்தல் வேறு. பந்திக் கணக்கு, வயிற்றுக்கு ஓர் அளவு இருக்கிறது என்பதை நம்பி நிற்கிறது. பறவையிடம் ஃப்ரீஸர் இல்லை. வெளியூர் வியாபாரியிடம் இருக்கிறது. ஊருக்குள் உண்பது வரை மூங்கில் காடு தாங்கும். மூட்டை கட்டி லாரியில் ஏற்றினால், அந்த எதிரிக்கு வயிறு நிறையும் என்பதே கிடையாது. ஆனால் இரண்டையும் தராசில் வைத்தால் நான் நிலத்தைப் பற்றித்தான் முதலில் பேசுவேன். பிடித்துத் தின்பது ஒரு தலைமுறையில் ஒரு பங்கைக் குறைக்கும். சரிவை வெட்டுவது மரத்தையும் பூச்சியையும் ஒன்றாக எடுத்துவிடும், கடிகாரத்தோடு கவுண்டரையும்.

இது எழுதும்போது 2026. உலகக் கோப்பை ஜூனில் அமெரிக்காவிலும் கனடாவிலும் மெக்சிகோவிலும். நியாங்தாசெர் கணக்குப்படி அதற்கு முன்பே, மே வாக்கில். அந்தப் பழைய சகாவுக்கு எழுதினேன். பத்து வருஷம் கழித்து, "நீ சொன்னதுதான் சரி, நாலு பகா எண் இல்லை" என்று. இரண்டு நாள் கழித்துச் சிரிப்பு முகம் ஒன்று வந்தது. கூடவே, "மேயில் வாருங்கள் சார், டார்ச் கொண்டுவாருங்கள்." லீவு கேட்டிருக்கிறேன்.

நந்தனத்துக் கதையையும் முடித்துவிடுகிறேன். மகளை மறுநாள் காலை செங்கல் குவியலுக்குக் கூட்டிப் போனேன். மூன்றாவது கல்லைப் புரட்டியதும் பழுப்பு நிறத்தில் ஒரு சுவர்க்கோழி துள்ளி ஓடியது. நீண்ட மீசை, தாவும் பின்னங்கால். "பாட்டி கரெக்ட்" என்றாள். அந்தச் செங்கல் எதற்கு அங்கே கிடக்கிறது என்றால், குடியிருப்பின் பின்பக்க மண்தரையையும் சிமென்ட் கல் பதித்து மூடுவதற்கு. கார் நிறுத்த இடம் வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் சங்கக் கூட்டத்தில் அதற்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். காரணம், மழைக்காலத்தில் சேறு.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூட்டம். தூங்குமூஞ்சி மரத்தைச் சுற்றி ஆறடி வட்டத்தை மட்டும் மண்ணாகவே விட்டுவிடலாம் என்று கேட்டேன். செயலாளர், "எதுக்கு சார், என்ன இருக்கு அங்கே?" என்றார். ஒரு கார் அளவு இடம் போகும் என்று இன்னொருவர் அளந்து காட்டினார். கடைசியில் நாலடிக்கு ஒத்துக்கொண்டார்கள்.